பற்று, பேர், லயம்: மலைநாட்டில் மெய்யியற் சொற்கள்

தமிழில் மெய்யியல் பேச முடியுமா என்ற கேள்வியை முப்பது ஆண்டுகாலப் பத்திரிகைப் பணியில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆங்கிலம் இல்லாமல் முடியாது என்பார் ஒரு சாரார். வடமொழி இல்லாமல் முடியாது என்பார் இன்னொரு சாரார். இவ்விரு சாராரும் மேடையில் வாதிடுவார்கள். மேடையில் எவரும் சொல்லாத மூன்றாவது கருத்து ஒன்றும் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் எதற்கு என்பதே அது. அதை எவரும் எழுதுவதில்லை. ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் மலையகத்துப் பாடசாலைகள் அந்தக் கருத்தின்படியே நடத்தப்பட்டன. இக்கட்டுரை அந்த மூன்றாவது கருத்தைப் பற்றியது.

நான் பிறந்த ஊர் மடுல்சீமை. பதுளையிலிருந்து பசறை வழியாக ஏறிச் செல்ல வேண்டும். ரோபேரி, பட்டாவத்தை, கொக்காகலை என்று தேயிலைத் தோட்டங்கள் தொடர்ந்து வரும். மலையின் ஒரு விளிம்பில் நின்றால் கீழே தாழ்நிலம் விரிந்து கிடப்பதைக் காணலாம். ஊரின் பெயரில் வரும் சீமை என்ற சொல் தமிழில் நாடு என்றும் எல்லை என்றும் பொருள்படும். எல்லையைக் குறிக்கும் சீமா என்ற வடசொல்லே அதன் மூலம். பௌத்த சங்கத்தார் தம் சடங்குகளுக்காக வகுத்துக்கொள்ளும் எல்லைக்கும் சீமா என்றே பெயர். தமிழும் சிங்களமும் பாலியும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் மண் இது.

இந்த மண்ணுக்குத் தொழிலாளராக வந்த தமிழரின் மொழியை, அவர்களை ஆண்ட துரைமார் எவ்வாறு கருதினர் என்பதற்கு அச்சிட்ட சான்றுகள் உள்ளன. புதிதாக வந்திறங்கும் சின்னத்துரைமார் தமிழ் கற்பதற்கென்று 19ஆம் நூற்றாண்டில் வெளிவந்த கைநூல் ஒன்றின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். 1915இல் வெல்ஸ் என்பவர் வெளியிட்ட நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. இந்த நூல்களை ஆராய்ந்து மு. நித்தியானந்தன் 2014இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கும் 'கூலித் தமிழ்' என்றே பெயரிட்டார். கைநூற் தமிழ் பெரும்பாலும் ஏவல் தமிழ். வா, போ, எடு, வெட்டு, சீக்கிரம் என்பவையே அதன் உயிர்நாடி. ஏன், எவ்வாறு, எதனால் என்று கேட்கும் தமிழ் துரைக்குத் தேவைப்படவில்லை. தனக்குத் தேவைப்படாத தமிழ் அவர்களிடம் இல்லை என்று துரை எண்ணிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் துரை போன பின்பும் அந்த எண்ணம் போகவில்லை என்பதே கவலைக்குரியது.

தோட்டத்துப் பேச்சில் வழங்கிய சொற்கள் சிலவற்றைக் கவனிப்போம்.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம் பிரட்டுக்களம். அணிவகுப்பைக் குறிக்கும் பரேட் என்ற ஆங்கிலச் சொல்லே பிரட்டு ஆயிற்று. வரிசையாகக் கட்டிய அறைகள் லயம். லைன் என்பது லயன் ஆகி, லயம் ஆயிற்று. ஒரு நாள் வேலைக்குரிய கூலிக்குப் பெயர் 'பேர்'. பாதி நாள் வேலைக்கு அரைப் பேர். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கும் அரைப் பேர்தான் விழும். கடையில் வாங்கிய கடன் பற்று. கணக்கு எழுதுபவர் கணக்கப்பிள்ளை. ஆட்களை மேற்பார்ப்பவர் கங்காணி.

இப்பொழுது இதே சொற்களை மெய்யியல் நூல்களில் பாருங்கள். லயம் என்பது ஒடுக்கம். தோன்றியது தன் காரணத்தில் அடங்குதல். பேர் என்பது நாமம். பொருளுக்கும் அதன் பெயருக்கும் உள்ள உறவு இந்திய மெய்யியலார் ஓயாது விவாதித்த ஒன்று. கணக்கு என்பது வரவுசெலவுக்கும் பெயர், நூலுக்கும் பெயர். மணிமேகலையில் சமய வாதிகளுக்குச் சமயக் கணக்கர் என்றே பெயர். கங்காணி என்பது கண்காணி என்பதன் திரிபு. திருமந்திரம் இறைவனையே கண்காணி என்று அழைக்கிறது.

லயம் என்ற ஒலி ஒற்றுமை தற்செயலானது. லைன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வடமொழி லயத்துக்கும் உறவில்லை. ஆனால் பற்று, பேர், கணக்கு, கண்காணி என்பவை தற்செயலானவை அல்ல. அவை ஒரே சொல்லின் இரு பயன்பாடுகள். கடையிலும் களத்திலும் வழங்கிய சொற்களை எடுத்தே தமிழ் தன் மெய்யியலைக் கட்டியது. இதற்கு முதன்மையான சான்று மணிமேகலை.

மணிமேகலையின் காலம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பௌத்தக் கோட்பாடுகளைத் தமிழில் சொல்ல வேண்டிய பணி சாத்தனாருக்கு நேர்ந்தது. அக்கோட்பாடுகள் பாலியிலும் வடமொழியிலும் இருந்தன. துன்பம் எவ்வாறு தோன்றுகிறது என்பதைப் பன்னிரண்டு கண்ணிகளைக் கொண்ட சங்கிலியாகப் பௌத்தம் விளக்குகிறது. அதன் முதற் கண்ணி பாலியில் அவிஜ்ஜா. சாத்தனார் அதற்குப் பேதைமை என்று பெயரிட்டார். சங்காரா என்பதைச் செய்கை என்றார். நாமரூபம் என்பதை அருவுரு என்றார். பஸ்ஸ என்பது ஊறு ஆயிற்று. வேதனா என்பது நுகர்வு ஆயிற்று. தண்ஹா என்பதற்கு வேட்கை, உபாதானம் என்பதற்குப் பற்று. இவற்றுள் எந்தச் சொல்லையும் அகராதி பார்த்து அறிய வேண்டிய தேவை அக்காலத் தமிழருக்கு இருந்திராது. தெரிந்த சொற்களைக் கொண்டு தெரியாத கருத்தைச் சொல்லுதல் என்பதே அவர் கையாண்ட முறை.

அதேவேளை அவர் வடசொற்களை விலக்கவும் இல்லை. பவம் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கும் 29ஆம் காதையில் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்ற கலைச்சொற்கள் வருகின்றன. இந்தக் காதை சங்கரசுவாமியின் நியாயப் பிரவேசம் என்ற வடமொழி நூலுடன் நெருங்கி ஒத்துச் செல்வதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். உலகில் எந்த மொழியும் தன் மெய்யியற் சொற்களைத் தனியே நின்று ஆக்கிக்கொண்டதில்லை. கிரேக்கச் சொற்களை இலத்தீன் பெற்றது. இலத்தீன் சொற்களை ஆங்கிலம் பெற்றது. தமிழ் மட்டும் கடன் வாங்கிய மொழி என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்த ஐந்து கலைச்சொற்களையும் அறவண அடிகள் எவ்வாறு விளக்குகிறார் என்பதே முக்கியமானது. அவர் காட்டும் எடுத்துக்காட்டு ஒரு மலை. இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதனால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அடுக்களையில் புகை இருந்தால் நெருப்பு இருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள் அல்லவா? இம்மலையிலும் புகை உண்டு என்பது உபநயம். ஆகவே நெருப்பு உண்டு என்பது நிகமனம். ஒரு மலையும் ஓர் அடுப்பும் போதும். அளவையியலின் அடித்தளம் விளங்கிவிடும்.

காரணம் பிழைத்துப்போகும் வகைகளையும் அதே காதை விரிவாகச் சொல்கிறது. அவற்றுள் ஒன்றின் பெயர் சித்தாசித்தம். தொலைவில் தெரிவது புகையா, ஆவியா, பனியா என்ற ஐயம் தீராத நிலையிலேயே, அதைப் புகை என்று கொண்டு, நெருப்பு உண்டு என்று துணிந்துவிடுதல் அது. இதை வயலூர்களில் இருந்து படிப்பவர் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும். மடுல்சீமையில் இருப்பவருக்குக் கற்பனை தேவையில்லை. விடியற்காலையில் லயத்துக் கூரைகளுக்கு மேல் அடுப்புப் புகையும் பனிமூட்டமும் ஒன்றாகக் கலந்து நிற்பதை அவர் நாள்தோறும் காண்கிறார். எது புகை, எது பனி என்று பிரித்தறிவது அங்கே அன்றாட வேலை. காப்பியத்தின் கடினமான காதை என்று புலவர்கள் தயங்கும் பகுதிக்கு, எங்கள் மலையே உரை எழுதி வைத்திருக்கிறது.

மணிமேகலைக்கும் இலங்கை மலைநாட்டுக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. புத்தரின் அடிச்சுவடு பதிந்த சமனொளி மலையை அக்காப்பியம் குறிப்பிடுகிறது. இன்று நாம் சிவனொளிபாதமலை என்று அழைக்கும் மலையே அது.

சாத்தனாருக்குப் பின் இந்தச் சொற்கள் பௌத்தத்தோடு நின்றுவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாசாரியார், நூலின் பரபக்கத்தில் பௌத்தம் உட்படப் பிற சமயங்களை மறுத்தார். மறுப்பதற்கும் அவர்களுடைய சொற்களைக் கற்க வேண்டியிருந்தது. அறிவு பெறும் வழிகளை அளவை என்று மணிமேகலையும் சித்தியாரும் அழைக்கின்றன. மணிமேகலையின் அளவைவாதி பத்து அளவைகளைக் கூறுகிறான். அருணந்தியார் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார். கண்ணால் கண்டது, கண்டதிலிருந்து ஊகித்தது, நம்பத்தக்கவர் சொன்னது என்று இதை விளக்கலாம். ஒரு செய்தியாளன் தன் தொழிலில் கைக்கொள்ளும் அளவுகோல்களும் இந்த மூன்றே. பத்திரிகை அலுவலகத்தில் செய்தி ஒன்றைச் சரிபார்க்கும்போது நான் ஆங்கிலத்தில் யோசித்ததில்லை. இதைக் கண்டாயா, ஊகித்தாயா, யார் சொன்னது என்றே இளம் நிருபர்களிடம் கேட்டிருக்கிறேன்.

ஆயினும் சொற்கள் அழியக்கூடியவை. அவற்றைப் பேசுவோர் இல்லாமற் போனால் ஏட்டில் இருந்தும் பயனில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பிக்க முனைந்தபோது இதுவே நேர்ந்தது. 1887இல் அவர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது சமணக் கருத்துகளில் எழுந்த ஐயங்களைக் கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடமே சென்று கேட்டுத் தெளிய முடிந்தது. மணிமேகலைக்கு அந்த வாய்ப்பு இல்லை. தமிழ்நாட்டில் கேட்பதற்குப் பௌத்தர்கள் இல்லை. காப்பியத்தின் சொற்கள் தமிழாகவே இருந்தும் அவற்றின் பொருள் தமிழ்ப் புலவர்களுக்கு விளங்கவில்லை. மளூர் அரங்காசாரியார், ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து அவருக்கு விளக்கினார். சி.வை. தாமோதரம்பிள்ளை 1881இல் பதிப்பித்திருந்த வீரசோழியத்தின் உரை போன்ற நூல்களில் சிதறிக் கிடந்த செய்திகளும் துணை நின்றன. 1898இல் மணிமேகலை அச்சேறியது. புத்த சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றையும் ஐயர் எழுதிச் சேர்த்தார். தமிழன் தன் சொந்தச் சொல்லின் பொருளை ஆங்கிலத்தின் வழியாக மீட்டெடுத்த வரலாறு இது.

அக்காலத்தில் கொழும்பிலும் உவா மலைகளிலும் பௌத்த விகாரைகளில் அதே கருத்துகள் பாலிச் சொற்களில் நாள்தோறும் ஓதப்பட்டு வந்தன என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது, அயற் கிராமத்து விகாரையின் ஒலிபெருக்கியில் பௌர்ணமி நாட்களில் பண ஓதுவது லயம் வரை கேட்கும். தண்ஹாவ, உபாதான என்ற சொற்கள் காதில் விழும். அவை வேட்கையும் பற்றும் என்பதைச் சொல்லித்தர எங்களுக்கு எவரும் இல்லை. அவற்றைத் தம் அயலவரின் முன்னோர் தமிழில் பாடிவைத்தனர் என்பதைச் சிங்கள நண்பர்களுக்குச் சொல்லவும் எவரும் இல்லை. ஒரே மலையில் இரு இனத்தார், ஒரே கருத்துக்கு இரு சொற்களோடு, ஒருவரையொருவர் அறியாது வாழ்ந்தோம்.

மூன்றாவது முறையாகத் தமிழ் இந்தச் சொற்களைக் கற்க நேர்ந்தது 20ஆம் நூற்றாண்டில். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கியவர் ஈழத்துச் சுவாமி விபுலாநந்தர். இலங்கையில் தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு உயர்ந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. 1960இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் கற்பித்தல் தொடங்கியது. மெய்யியல், அறிவாராய்ச்சியியல், ஒழுக்கவியல் என்ற சொற்கள் விரிவுரை மண்டபங்களில் புழங்கத் தொடங்கின. பௌதிகத்துக்கு அப்பாற்பட்டதை ஆராயும் துறைக்குப் பௌதிகவதீதம் என்று பெயர் வந்தது. தமிழ்நாட்டில் அதையே மீவியற்பியல் என்பர். உயர்தர வகுப்பில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடம் தமிழில் அமைந்தது. எடுப்பு, எடுகூற்று, நியாயத்தொடை, உய்த்தறிதல், தொகுத்தறிதல், போலி ஆகியவை அப்பாடத்தின் சொற்கள். சாத்தனாரின் அளவை பாடத்தின் பெயரிலேயே நிலைத்தது.

சொற்கள் இவ்வாறு ஆயத்தமாக இருந்தன. மடுல்சீமைப் பிள்ளைகளுக்கு அவை எட்டினவா?

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றப்பட்ட சட்டங்கள், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிருவாகங்களிடம் விட்டன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை என்பதே பொது வழக்கமாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனைப் பெறவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கியது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதலே தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. பேராதனையில் தமிழில் மெய்யியல் கற்பிக்கத் தொடங்கியதற்கும், தோட்டத்துப் பிள்ளை ஆறாம் வகுப்பைப் பற்றி எண்ணத் தொடங்கியதற்கும் இடையே ஏறத்தாழ இரு பத்தாண்டுகள் இடைவெளி உண்டு. மொழியில் சொல் இல்லை என்பதால் நேர்ந்த இடைவெளி அன்று இது. பாடசாலையில் வகுப்பு இல்லை என்பதால் நேர்ந்தது.

நான் அந்த எல்லையைத் தாண்டிய முதல் தலைமுறையைச் சேர்ந்தவன். 1980களின் பிற்பகுதியில், மலையிறங்கி நகரத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தரம் படித்தேன். அளவையியல் பாடத்துக்குப் பாடநூல் கிடைக்கவில்லை. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். அவர் எடுகூற்று என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பொருள் சொல்லவில்லை. தோட்டத்தில் அரைப் பேர் எப்படிப் போடுகிறார்கள் என்று எங்களைக் கேட்டார். குறித்த இறாத்தல் பறிக்காதவர் அனைவருக்கும் அரைப் பேர். இவர் குறித்த இறாத்தல் பறிக்கவில்லை. ஆகவே இவருக்கு அரைப் பேர். முதல் இரண்டும் எடுகூற்று, மூன்றாவது முடிவு என்றார். பின்பு, முடிவு பிழையாகத் தோன்றினால் எதை ஆராய வேண்டும் என்று கேட்டார். நியாயத்தொடையில் பிழையில்லை, இரண்டாவது எடுகூற்றைத் தராசில் பார்க்க வேண்டும் என்றான் ஒரு மாணவன். முதலாவது எடுகூற்றை வகுத்தவர் யார் என்று கேட்க வேண்டும் என்றான் இன்னொருவன். வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிற்று. அந்த இரண்டாவது மாணவனின் கேள்வியைத்தான் 'இங்கே வா' என்ற கைநூலின் தமிழால் கேட்க முடியாது.

பற்று என்ற சொல்லும் இவ்வாறே விளங்கியது. பெரியகங்காணி காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. ஆட்கள் வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், இன்ன கடனைத் தீர்த்தால் இவர்கள் விடுவிக்கப்படுவார்கள் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் கடனைச் செலுத்தி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீர்ந்துவிடாது, புதிய தோட்டத்துக் கணக்கில் ஏறிக்கொள்ளும். 1921இல் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒழிந்த பின்பும் அதன் நினைவு முதியவர்களின் பேச்சில் நீடித்தது. ஆள் மாறினாலும் இடம் மாறினாலும் பற்று தொடர்ந்து வரும் என்பதை என் பாட்டி கதையாகவே சொல்லுவார். பற்றிலிருந்து பவமும் பவத்திலிருந்து தோற்றமும் பிறக்கின்றன என்ற பௌத்தச் சங்கிலியைப் பின்னாளில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. சாத்தனார் கடனை நினைத்துத்தான் அச்சொல்லைத் தெரிந்தெடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒட்டிக்கொண்டு விடாமல் வருவது என்ற ஒரே கருத்திலிருந்து கடைக்காரரின் பற்றும் அறவண அடிகளின் பற்றும் பிறந்தன என்றே சொல்கிறேன்.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. 1980களில் தொடங்கிய சுவீடன் அரசின் உதவியாலும், பின்னர் நியமனம் பெற்ற மலையக ஆசிரியர்களின் உழைப்பாலும் பாடசாலைகள் வளர்ந்தன. 2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றவர் நிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது. உயர்தரத்தில் அளவையியல் எடுக்கும் மலையக மாணவர் பலர். ஆனால் பரீட்சைக்கான குறிப்புகளில் கலைச்சொற்கள் பட்டியலாக வருகின்றன. பட்டியலாகவே மனனம் செய்யப்படுகின்றன. உய்த்தறிதல் என்றால் என்ன என்று கேட்டால் வரைவிலக்கணத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் மாணவரை நான் கண்டிருக்கிறேன். உன் தோட்டத்திலிருந்து ஓர் உதாரணம் சொல் என்றால் தயங்குகிறார்கள். தோட்டத்தில் நடப்பது மெய்யியலுக்கு உதாரணமாகும் என்று அவர்களிடம் எவரும் சொன்னதில்லை. அந்தத் தயக்கத்தில் பழைய மூன்றாவது கருத்து இன்னும் உயிர் வாழ்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மணிமேகலையின் 29ஆம் காதையை இலக்கிய வகுப்புக்கு மட்டும் விட்டுவிட வேண்டாம். அளவையியல் வகுப்பிலும் அதைத் திறந்து, மலையையும் புகையையும் பனியையும் சன்னலுக்கு வெளியே காட்டுங்கள். பக்கத்துச் சிங்களப் பாடசாலையின் ஆசிரியரை அழைத்து, வேட்கையும் தண்ஹாவும் ஒன்றே என்பதை இரு வகுப்புகளுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். கலைச்சொல் ஒன்றைப் பலகையில் எழுதும்போது, அதன் பக்கத்தில் தோட்டத்துச் சொல் ஒன்றையும் எழுதுங்கள்.

மெய்யியற் சொல் என்பது மேலிருந்து இறக்கப்படும் சரக்கு அன்று. நிறுத்தவர், எண்ணியவர், கடன்பட்டவர், காத்திருந்தவர் ஆகியோரின் வாயிலிருந்து நூலுக்குச் சென்ற சொல் அது. நூலிலிருந்து அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் அது திரும்பி வரும்போது, அதை அந்நியச் சொல் என்று அறிமுகப்படுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.